ஒரு வாட்டுக்கு மேல் பெய்த மழை

மே மாதம் பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஹ்ருஷோவ்காவில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு மழை பெய்யத் தொடங்கியது. கூட்டுறவுத் தானியக் கிடங்கின் உச்சியில் தொடங்கி, ஹினெக்கின் புல் நிலத்தைக் குறுக்கே வெட்டி, லிண்டன் மரவரிசையைத் தாண்டி, மேட்டுத்தெருவின் கடைசி வீடான ஸ்தாஷாவின் கூரையில் போய் நின்றது. இரண்டு பக்கமும் நல்ல வெயில். மே மாத மழை என்றால் செக் நாட்டின் கிழக்கே எங்கள் மொராவியாவில் பல் கிட்டிக்கும்; இது வெதுவெதுவென்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் பெய்து, குழாயை மூடியது போல் நின்றது. மறுநாளும் ஐந்து மணிக்கு வந்தது. கைப்பேசியில் வானிலை ரேடாரின் படம் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: மழை முதலில் அந்தப் படத்தில் ஒரு நேர்க்கோடாக விழுந்தது, கால் மணி கழித்துத்தான் ஊரில் விழுந்தது.

காரணம் ரதீமுக்குத் தெரியும். கம்பியில்லா இணையத்தை ஊருக்குக் கொடுத்தவன் அவன்தான். கிடங்கு உச்சியில் ஆன்டெனாத் தட்டுகளைக் கட்டி, வீட்டுக்கு வீடு ஒன்றைத் திருப்பி வைத்திருந்தான். கருவி அனுப்பும் பலத்தோடு தட்டு அதைக் குவிக்கும் பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பத்து வருடம் அவன் தாண்டியதில்லை. அந்த வசந்தத்தில் லிண்டன் மரங்கள் வழக்கத்துக்கு மீறித் தழைத்து ஸ்தாஷாவின் வீட்டைத் தட்டுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டன. நகராட்சி மரங்கள், வெட்ட முடியாது.

ஸ்தாஷாவுக்கும் பில்சென் நகரில் இருக்கும் அவள் தங்கை மிலுஷாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. சிறு வயதில் தாங்களே கண்டுபிடித்த கைமொழியில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். உலகத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். தினமும் ஐந்து மணி முதல் ஆறரை வரை திரையில் பேசுவார்கள். அதில் அம்மாவுக்கும் முட்டைக்கோஸுக்கும் கட்டைவிரல் மட்டுமே வித்தியாசம்; படம் கொஞ்சம் மங்கினாலும் போயிற்று. இறந்துபோன அம்மாவை ஊறுகாய் போட்டாயா என்று மிலுஷா கேட்ட அன்று ஸ்தாஷா ரதீமின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மங்கிப்போன படத்தைக் கைப்பேசியில் நீட்டினாள். ரதீம் அன்றே உச்சிக்கு ஏறி, கருவியின் அமைப்பில் எந்த நாடு என்று கேட்கும் இடத்தில் செக் நாட்டை எடுத்துவிட்டு, பட்டியலில் கட்டுப்பாடு இல்லாத ஏதோ ஒரு வெப்பநாட்டைப் போட்டு, பலத்தை இருபது வாட்டுக்கு ஏற்றினான்.

ஹினெக்குக்குப் பதினான்கு பசுக்கள். குளிர்காலத் தீவனத்துக்கு அறுத்துப் போட்டிருந்த புல்லில் பாதி மூன்று வாரத்தில் அழுகியது. மழை போய் முடிகிற வீடு என்று அவர் ஸ்தாஷாவின் வாசலில் போய் நின்று ஊரே கேட்கக் கத்தினார். அவள் அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு, கைப்பேசியில் எழுதி நீட்டினாள்: "மெதுவா கத்துங்க ஹினெக், உதடு புரியல." மறுநாள் ஹினெக் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் எழுதினார். அதற்கு முன்பே வானிலை நிலையமும் எழுதியிருந்தது.

ஜூன் பத்தாம் தேதி தொலைத்தொடர்பு ஆய்வாளர் இவோனா, கூரையில் அலை அளக்கும் கொம்பு வைத்த வண்டியில் வந்தார். குடை பிடித்துக்கொண்டே அளந்தார்.

"எந்த நாட்டுல இருக்கோம்னு உங்க கருவிகிட்ட சொல்லியிருக்கீங்க?"

ரதீம் பிடரியைச் சொறிந்தான். "வெயில் அடிக்கிற நாடு மேடம்."

"அதான் வெந்நீரா கொட்டுது. நாளைக்கு நெசமான ஆலங்கட்டி வந்தா உங்க கோட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும், ரேடாருக்குத் தெரியாது. ஆளு மாடு எல்லாம் வயல்ல நிக்கும். எறக்குங்க."

இறக்கினான். மழை நின்றது. வெற்றியைக் கண்ணால் பார்க்க வந்திருந்த ஹினெக் ஸ்தாஷாவின் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். திரையில் மிலுஷா கையைத் தூக்கியபடி உறைந்திருந்தாள். ஸ்தாஷா ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டினாள். பிறகு இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலக் காட்டினாள். அப்புறம் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிடங்கிலிருந்து இறங்கி ரதீம் அங்கே வந்தபோது ஹினெக் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஏண்டா ரதீம், சட்டப்படி இதுக்கு வழியே இல்லியா?"

"நடுவுல ஒரு கூரை வேணும் மாமா. தூரத்தை ரெண்டா பிரிச்சா ஒரு வாட்டே போதும். மரத்துக்கு நடுவுல சந்து தெரியற மாதிரி இருக்கணும்."

"என் களஞ்சியம் என்ன, படுத்தா கெடக்கு?"

"நீங்கதானே புகார் குடுத்தீங்க?"

"புல்லுக்குக் குடுத்தேன். ஏணிய எடுத்துட்டு வா."

மறுநாள் களஞ்சியத்தின் முகட்டில் இரண்டு தட்டுகள் ஏறின. எல்லாக் கருவிகளிலும் செக் நாடே இருந்தது. ரேடார் பேசினால் ஒதுங்கி வழிவிடும்படியும் ரதீம் அமைத்தான். ஐந்து மணிக்கு மிலுஷாவின் பத்து விரல்களும் நகம் வரை தெரிந்தன. சகோதரிகள் அன்று மூன்று மணி நேரம் பேசினார்கள். வானிலைப் படத்தில் ஒரு புள்ளியும் இல்லை. ஊரில் மட்டும் கிடங்கிலிருந்து களஞ்சியத்துக்கும், களஞ்சியத்திலிருந்து மேட்டுத்தெருவுக்கும், உள்ளங்கை அகலத்தில் ஒரு தூறல் விழுந்தது. இலையுதிர் காலத்தில் இவோனா திரும்ப வந்து ஒவ்வொரு தட்டையும் அளந்தார். எல்லாம் ஒரு வாட்டுக்குள். தூறலில் விரலை நனைத்துப் பார்த்தார். படிவத்தில் மழைக்கென்று கட்டம் இல்லாததால், வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்து, தூறல் விழும் கோட்டில் இருந்த பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சை ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள்.