பதிவுக்காக வாயால்

எனக்குக் காது போய் ஒன்பது வருடமாகிறது. சிறைத் தச்சுப்பட்டறையில் இருபது வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்குத்தான் போகாது? செவிடன் என்று தெரிந்தால் பயல்கள் ஏய்த்துவிடுவார்கள். அதனால் யார் வாயசைத்தாலும் தலையாட்டிவிடுவேன்.

தண்டனை முடியுமுன் வெளியே விடலாமா என்று கேட்கும் பரோல் விசாரணையிலும் அப்படியே ஆட்டித் தொலைத்தேன். முடிவு வந்ததும், நூலகத்தில் வேலை பார்க்கும் கைதி ரூஃபினோ அதைப் படித்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நிதானமாக வாயசைத்தான்.

"யோவ் வெண்டல், வெளிய போனா திரும்ப அடிதடிக்குப் போவியான்னு கேட்டிருக்காங்க. நீ ஆமான்னு ஆட்டியிருக்க!"

"மரியாதைக்கு ஆட்டினேன்டா."

"பரோல் கிடையாதாம். உன் மரியாதைக்கு இன்னும் அஞ்சு வருஷம் உள்ள, கிழவா."

ஸ்டாக்டன் ஊரில் என் அக்கா எர்லீன் எனக்காகப் பின்னறையைக் காலிசெய்து வைத்திருந்தாள். பரோல் குழுவுக்கும் அப்படியே கடிதம் எழுதியிருந்தாள். வெளியே எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ரூஃபினோ விடவில்லை. என்னைப்போல் தலையாட்டியே கெட்டவர்கள் பதினொரு பேரைத் தேடிப்பிடித்தான். ஒரு வக்கீலம்மா எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போட்டார். நாலு வருடம் இழுத்தது. மூன்றாம் வருடம் அக்கா போய்விட்டாள். சிறைக்கு வரும் பாதிரியார் சேதியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்கும் தலையாட்டினேன். ரூஃபினோவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

வழக்கு ஜெயித்தது. விசாரணையில் பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக ஓட வேண்டும், தலையாட்டலைப் பதிலாக எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. எங்கள் எல்லோருக்கும் மறுவிசாரணை.

என் முறை வந்தது. ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். கடைசியில், விசாரித்த அதிகாரியம்மா கேட்டது திரையில் ஓடியது.

"உங்க அக்கா எர்லீன் வீட்ல உங்களுக்கு ரூம் இருக்கு, இல்லையா?"

பழைய கடிதம் இன்னும் கோப்பிலேயே கிடந்திருக்கிறது. பழக்கதோஷம், தலையாட்டிவிட்டேன்.

"பதிவுக்காக வாயால சொல்லுங்க."

இதைத்தானே நாங்கள் சண்டைபோட்டு வாங்கினோம்.

"அக்கா செத்துப்போச்சும்மா."

என் குரல் எனக்கே கேட்காது. திரையில் எழுத்தாக வந்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

பரோல் கொடுத்தார்கள். விடுதலையானவர்களுக்கான ஏதோ ஒரு விடுதியில் தங்க வேண்டுமாம். ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.