தெரசாவின் வலக்கை

முந்நூறு வருடத்துக்கு முந்தைய மேற்கத்திய வயலின் சொனாட்டாக்களில், துணைக்கு வாசிக்கிறவளின் தாளில் பாதிதான் இருக்கும். இடக்கைக்கு ஒரு வரி, அதன் அடியில் ஆறு, நான்கு என்று சில எண்கள். வலக்கைக்கு ஒன்றுமே எழுதியிருக்காது. எண்ணைப் பார்த்து நாமேதான் இட்டு நிரப்ப வேண்டும். பாலக்கோட்டில் கணக்கு டீச்சராக இருக்கும் எனக்கு அது வெகுவாகப் பிடித்துப்போனது.

வயலின் வாசிப்பது மாதவராஜ் அண்ணன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பத்து வருடப் பழக்கம். இரண்டு வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் என் கீபோர்டை, பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்ட் வாத்தியத்தின் ஒலிக்கு மாற்றிக்கொண்டு ஒரே சொனாட்டாவைத் தேய்த்தோம். பைக்கில் விழுந்ததிலிருந்து அவருடைய சுண்டுவிரல் சண்டித்தனம் செய்யும். மூன்றாம் பகுதியில் ஓரிடத்தில் கட்டாயம் பிந்துவார். அங்கே நான் வலக்கையில் ஒரு சின்ன ஸ்வர ஓட்டம் போட்டு அதை மூடிவிடுவேன்.

பெங்களூர் விழா ஒன்றுக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். ஒரு தடவையாவது மேடையில் இதை வாசித்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. புதுப் புடவைக்கு ஃபால்ஸ்கூட அடித்துவிட்டேன். "வூட்ல பழகணும், ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமாம்மா?" என்று அவர் போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தபோது, சத்தம் வராமல் இருக்கட்டும் என்று நானே ஃபேனை நிறுத்தினேன். மடச்சி.

பிறகு, "ஃபங்ஷன் கேன்சல் ஆயிடுச்சும்மா" என்றார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

போன சனிக்கிழமை, குழுவில் பாடும் எழிலரசி ஒரு வீடியோ அனுப்பினாள். "அக்கா, நீங்க ஏன் போகலீங்க?" அதே பெங்களூர் விழா மேடையில் அண்ணன். பக்கத்தில் நிஜ ஹார்ப்சிகார்டில் யாரோ ஒரு பெண். அவள் தாளில் இரண்டு கைக்கும் எழுதியிருந்தது. அத்தனையும் அன்று அவர் ரெக்கார்ட் பண்ணிய என் வாசிப்பு. மூன்றாம் பகுதியில் அவர் விரல் பிந்தியது. அவள் என் ஓட்டத்தையே போட்டு மூடினாள். வீடியோவுக்குக் கீழே, 'துணை இசை எழுதியது: மாதவராஜ்' என்று இருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் கேட்டேன்.

"கீபோர்டெல்லாம் அங்க எடுபடாதும்மா" என்றார்.

"சரி, வாசிச்சது என்னுதுதானுங்களே? என் பேரு எங்கண்ணா?"

"புக்கைப் பாரும்மா. நீ வாசிச்சதுல ஒரு ஸ்வரமாவது அதுல இருக்குதா? இல்லாததுக்கு யாரு பேரைப் போடறது?"

"அதுக்கு உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்களா?"

அவர் பையிலிருந்து வேறொரு சொனாட்டாவை எடுத்து என் முன்னால் விரித்தார். "இதுல கண்டிப்பா உன் பேரு வரும். ஒருக்கா வாசிம்மா."

எண்களைப் பார்த்ததும் என் வலக்கை தன் பாட்டுக்குக் கட்டைகளில் இடம் தேடிப் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எழுதியிருக்கறதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சார்."

பத்து வருடத்தில் அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.