ஜெயன் பொதிந்து வைத்த மெஷின்

எங்கள் பெண்கள் குழுவின் அறுப்பு மெஷினை ஓட்டத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இத்தனை வயல் கிடக்கிறதே, இந்த ஷைலஜாவைத் தவிர எந்தப் பெண் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தாள், சொல்லுங்கள்.

அந்தக் கிழட்டு மெஷின்தான் அன்று கார்த்தியாயினி அக்காவின் வயலோரத்தில் நின்று என் மானத்தை வாங்கியது.

நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது. கள்ளிக்காட்டுப் பக்கம் வானம் கறுத்து வந்தது. ஒரு மழை அடித்தால் போதும், கதிர் சேற்றில் படுத்து முளைத்துவிடும். அக்காவுக்கு வருஷம் முழுக்கக் கஞ்சிக்கு உள்ள நெல் அது. வாடகை மெஷின் கேட்டதற்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

மழைக்காலம் முழுவதும் மெஷின் வெளியில்தான் நின்றது. என் வீட்டுக்காரர் ஜெயன் பிளாஸ்டிக் போட்டுப் பொதிந்து வைத்திருந்தார். காலையில் அதையெல்லாம் பிரித்து, டேங்க் நிறைய டீசல் ஊற்றி, சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் பில்டர் பக்கத்து ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குழாயில் சிக்கிய காற்றுக் குமிழி தீரும்வரை வெளியே விட்டேன்; இதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். இப்போது பிடித்தது. அக்கா மெஷினைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்கும் முன்னே அது இருமிக்கொண்டு நின்றுபோனது.

மறுபடி ஏர் எடுத்தேன். மறுபடி அதே கதை.

"எலே ஜெயா, ஒனக்க பெண்டாட்டிய எறங்கச் சொல்லு. கையால அறுப்போம்" என்றார் பக்கத்து வயல் ராபின்சன்.

"கையால அறுக்க ஆளு எங்க உண்டு? நீங்க வாறீங்களா?" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும். பிடிக்கிறது, பிறகு நிற்கிறது. அப்படியானால் டீசல் வருகிறது, பிறகு வராமல் போகிறது. பில்டர் புதியது. குழாயை ஊதிப் பார்த்தாயிற்று, அடைப்பில்லை. மிச்சம் டேங்க்தான். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

டீசல் இறங்க இறங்க உள்ளே காற்று போகவேண்டும். அதற்காகவே மூடியில் சின்ன ஓட்டை உண்டு. பிளாஸ்டிக் இடுக்கில் தெறித்து மூடியில் படிந்திருந்த சேற்றை விரலால் துடைத்தேன். அடியில், அந்த ஓட்டைமேலே, வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் துண்டு, சுற்றிலும் தார்ப் பசை. மழைக்கு ரப்பர் மரத்தில் வெட்டின இடம் நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டுவார்களே, அதே வேலை. எங்கள் ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களில் இத்தனை கச்சிதமாக ஒட்டுகிற கை ஒன்றே ஒன்றுதான்.

ஜெயனைப் பார்த்தேன்.

"மழவெள்ளம் உள்ள கேறிரப்பிடாதுன்னு ஒட்டுனேன்" என்றார் மெதுவாக, என் காதுக்கு மட்டும்.

"மெஷினா, ரப்பர் மரமா இது?" என்று பல்லைக் கடித்தேன். துண்டைப் பிய்த்து அவர் கையில் திணித்தேன். ஊக்கால் ஓட்டையைக் குத்தி, மூடியை மாட்டி, கடைசியாக ஒரு தடவை ஏர் எடுத்தேன். பிடித்தது. நின்றுபோகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நிற்கவே இல்லை.

கடைசி மூட்டை அக்காவின் வீட்டுக்குள் போகவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் அவள் வீட்டு இறவாரத்தில் ஒதுங்கினோம்.

"என்னத்துக்கு நின்னுச்சு?" என்று ராபின்சன் கேட்டார்.

"பழைய மெஷின்தானே" என்றேன். கட்டினவரை ஊர் நடுவே விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஜெயன் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மெஷினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நான் ஒட்டி வச்ச ஒட்டாக்கும் இது. நான் ஒட்டுனா காத்துகூட கேறாது. பெரிய மெக்கானிக் வந்தாலும் கண்டுபிடிக்க ஒக்காது. எனக்க ஷைலு கண்டுபிடிச்சா."

பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, பிடித்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.