கவிழ்ந்த பூக்கூடைகள்

...ஓதமாவது கீதமாவது, இது உள்சுவர், அந்தப் பக்கம் சமையலறை, தண்ணீர்க் குழாய் இருப்பது எதிர்மூலையில், இங்கே ஈரம் எந்த வழியாக வரும் என்று விக்கென்தி ஏணியில் நின்றபடியே கேட்டதும் தைசியா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அட, ஆமாம், எந்த வழியாக வரும்? அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் காக்கிறது, அதை நகர்த்தாதே என்று புருஷன் ஸ்தெபான் சொன்னான், சாகும்வரை சொன்னான், அவளும் நம்பினாள். அந்த அலமாரிக்காக அவனோடு மல்லுக்கு நின்றவள், கதவைத் திறந்தால் கட்டில் காலில் இடிக்கிறது, கண்ணாடியில் வெளிச்சம் விழவில்லை, உன் மண்டையில் மூளைக்குப் பதில் என்னதான் வைத்திருக்கிறாய் என்று வாய் ஓயாமல் கேட்டவள், ஓதம் எப்படி வரும் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை... கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான் போலிருக்கிறது. நடுவில் ஒருமுறை அறைச் சுவர்களுக்குப் புதுப் பூக்காகிதம் ஒட்டியபோதும் அலமாரியைச் சுற்றித்தான் ஒட்டினார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை, இந்த மொகிலெவ் ஊரில் யார்தான் அலமாரிக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள், காகிதத்துக்கு வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதற்குப் பூ. "நகர்த்திப் பாத்துடுவோமா, தைசியா பெத்ரோவ்னா?" என்றார் விக்கென்தி, வீட்டுக்காரியிடம் உத்தரவு கேட்கிற குரலில். கேட்கிற விதத்தைப் பார், அப்பாவையும் சேர்த்து முழுப்பேர், இன்னும் நீங்க வாங்கதான், இந்த மனிதர் ராத்திரி தூக்கத்தில் குறட்டை விடுவதற்கும் அனுமதி கேட்பாரோ என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குறட்டை நினைப்பு வந்ததும் முகம் சூடாகிவிட்டது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருப்பதால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஜூன் மாதத்து வெயிலில் ஒரு சந்துகூடத் திறக்காமல் வேகவேண்டும், காற்றுப் பட்டால் பசை காய்வதற்குள் காகிதம் உரிந்து தொங்கும். மே மாதத்தில், தோட்டத்துக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில், தக்காளி நாற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவர்தான் கேட்டார், நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று. மகள் வீட்டுச் சமையலறையில் மடக்குக்கட்டில் போட்டுப் படுக்கிற மனிதர், மனைவி இறந்தவர், தலைக்கு மேல் மின்கம்பியைத் தொட்டபடி ஓடுமே, அந்த டிராலிபஸை ஆயுள் முழுக்க ஓட்டியவர். முதலில் என் அறைக்குக் காகிதம் ஒட்டி முடிப்போம், அன்றைக்குச் சாயங்காலம் சொல்கிறேன் என்றாள் இவள். யோசனை பக்கத்து வீட்டு ஸோயாவுடையது. "ரெண்டு பேரா நின்னு ஒரு ரூம் ஒட்டிப் பாருடி, முடிச்சப்புறமும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசினீங்கன்னா தைரியமா கட்டிக்கோ. நானும் என் மொத வீட்டுக்காரனும் ஜன்னல்கிட்ட ஆரம்பிச்சோம், கதவுகிட்ட வரும்போது அவன் கதவு வழியாவே போயிட்டான்." காலையிலிருந்து அதைத்தான் தைசியா செய்துகொண்டிருந்தாள், ஒட்டுவது பாதி, ஆளைப் பார்ப்பது பாதி. தூக்குக்குண்டு கட்டிய நூலில் சுண்ணக்கட்டி தேய்த்துச் சுவரில் கோடு அடிக்கிறார், நல்லது. வெட்டிய காகிதப் பட்டைக்குப் பசை தடவி மடித்து வைத்துவிட்டு அது ஊறும்வரை பொறுக்கிறார், அதுவும் நல்லது, பொறுமை இல்லாதவனோடு பொழுது போகாது. பட்டையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவுகிறார், குமிழி வந்தால் திட்டவில்லை, ஊசியால் குத்தி, போ போ, வெளியே போ என்று அதனோடு பேசுகிறார்... இது என்ன ரகம்? இப்படி ஒரு ஆணை அவள் பார்த்ததில்லை, வேடிக்கையாக இருந்தது, இன்னும் என்னவெல்லாம் செய்வார் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது.

அலமாரிக் கால்களுக்கு அடியில் பழைய கம்பளிக் காலுறைகளைச் செருகி இருவரும் தள்ளினார்கள், முக்கியது, நகர்ந்தது, அப்பாடா. தூசி. ஒரு சீப்பு. ஓதம் இல்லை, ஒரு சொட்டு இல்லை, எலும்பு மாதிரி காய்ந்த சுவர். அதில் அந்தக் காலத்துக் காகிதம் அப்படியே இருந்தது, பூக்கூடைகள், வெயில் படாததால் நிறம் போகாமல், நீல நாடா கட்டிய கூடை, கூடை நிறைய ரோஜா... நடுவில் ஒரு பட்டை மட்டும் என்னவோ போலிருந்தது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கூடைகள் கவிழ்ந்திருந்தன. கூரையிலிருந்து தரைவரை ஒரு பட்டை முழுக்கத் தலைகீழ்க் கூடைகள், அடிப்பாகம் மேலே, ரோஜா கீழே, ஒரு பூகூடக் கொட்டவில்லை. தைசியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், விக்கென்திக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் மரியாதைக்குச் சிரித்தார். அட ஸ்தெபான், இதற்காகவா... அவள் தங்கையின் பிரசவத்துக்கு ஓர்ஷா போயிருந்த வாரம் அது, திரும்பி வந்தால் அறை முழுக்கப் புதுக்காகிதம், தனி ஆளாக ஒட்டியிருந்தான், புருவத்தில் பசை காய்ந்திருந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். தலைகீழாக ஒட்டியதை எப்போது பார்த்தானோ, கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோதா, அதற்குள் காய்ந்திருக்கும், அந்தக் காகிதம் கடையில் இன்னொரு சுருள் கிடைக்காது, அறையைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பான், கடைசியில் அலமாரியைப் பார்த்திருப்பான். எதிர்ச்சுவரில் இருந்த அந்தப் பெரிய அலமாரியை ஒற்றை ஆளாய் எப்படித் தள்ளினான்? அவள் வந்ததும் முதலில் என்ன சொன்னாள்... நன்றாயிருக்கிறது என்றா சொன்னாள்? இல்லை. "இதை ஏன்டா இங்க கொண்டுவந்து நட்டே?" என்றாள். அதுதான் முதல் வார்த்தை, இப்போது போல ஞாபகம் இருக்கிறது.

சிரிப்பு அடங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை அவன்? தலைகீழா ஒட்டிட்டேன்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்ந்து சிரித்திருக்கலாமே, அலமாரியை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு, கவிழ்ந்த கூடையோடேயே இருந்திருக்கலாமே, இத்தனை வருஷச் சண்டை மிச்சமாகியிருக்குமே... சேர்ந்து சிரித்திருப்பாளா? அவன் சுவரில் ஒரு பலகைத் தட்டைக் கோணலாக அடித்ததற்கு என்ன ஆயிற்று, பிறந்தநாள், புதுவருஷம், யார் வந்தாலும் அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், கப் எல்லாம் தானா நடந்து வந்து கையில ஏறும் பாருங்க, எங்க வீட்டுப் பொறியாளர் வேலை என்று காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவனும்தான் சிரித்தான், அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். ஊமைக்கோட்டான், கல், ஒரு வார்த்தை வாங்கமுடியாத மனுஷனோடு நான் பட்ட பாடு என்று ஸோயாவிடம் எத்தனை முறை அழுதிருக்கிறாள், பேசாதவனைப் பார்த்து அவள்தான் பயந்தாள், என்ன நினைக்கிறானோ என்று அவள்தான் நடுங்கினாள், பயத்தில்தானே அவ்வளவு பேசினாள்... அவனும் பயந்தானா? ஆறடி ஆள், ஒரு பட்டைக் காகிதத்துக்காக, அவள் வாய்க்குப் பயந்து? வலித்தது. கோபமும் வந்தது, செத்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது, போடா கோழை என்று மனசுக்குள் திட்டினாள், திட்டிய வேகத்திலேயே, இதோ, இப்போதும் திட்டுகிறேனே என்று பட்டது.

விக்கென்தி பழைய கூடைகளை உரித்துச் சுத்தம் பண்ணி, அந்த இடத்துக்குப் புதுப்பட்டை வெட்டிப் பசை தடவி, ஏறி ஒட்டிக்கொண்டிருந்தார், அவள் கீழ்முனையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த முனை தரைக்கு வரவில்லை. கீழே ஒரு சாண் சுவர் அம்மணமாக நின்றது. வெட்டும்போது பக்கத்துப் பட்டையோடு பூவும் பூவும் பொருந்தவேண்டிய அளவைச் சேர்க்க மறந்திருக்கிறார், கடைசிச் சுருளின் கடைசிப் பட்டை, வேறு கிடையாது. டிராலிபஸை மேலே கம்பிதான் பிடிச்சுக்கிட்டுப் போகும், அளவு எங்கேர்ந்து தெரியும் உங்களுக்கு... வாசகம் அவள் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது, நல்ல வாசகம், ஸோயாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நிமிர்ந்து பார்த்தாள். விக்கென்தி சுவரைப் பார்க்கவில்லை, ஏணியின் உச்சியில் துணியை இறுக்கிப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... அலமாரி இங்கதானே திரும்ப வந்து நிக்கும், வெளிய தெரியாதுல்ல," என்றார்.

தைசியா காகிதத்தை விடவில்லை. வாசகத்தை விழுங்கினாள், தொண்டையில் மீன்முள் மாதிரி இறங்கியது. "விக்கென்தி," என்றாள், "என்னைப் பாத்தா உங்களுக்குப் பயமா இருக்கா?"

அவர் சிரித்து மழுப்புவார் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை. ஒவ்வொரு விரலாகத் துணியில் துடைத்துக்கொண்டார், இதற்கு இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது, யோசிக்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும், இத்தனை வயதில் யாரிடமும் அவள் இதைக் கேட்டதில்லை, பதிலைத் தெரிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு ஆவலாக இருந்தது.

"இருக்கு," என்றார். "கொஞ்சம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு, போகப்போகக் குறைகிற கொஞ்சமா, கூடுகிற கொஞ்சமா... ஈரப்பட்டையின் முனையைப் பிடித்தபடியே நின்றாள், சாயங்காலம் சொல்லவேண்டிய பதில் தன்னுடையது என்றுதான் இந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தாள், ஏணியில் நிற்கிற மனிதரும் காலையிலிருந்து ஒரு பட்டைக்கு ஒரு பட்டை அவளைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம்.