வெறும் ஏனம்

மடி நிறையக் கத்தரிக்காயோடு அடுப்படிக்குள் வந்த பிச்சம்மாள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு ஏனம் தேடினாள். இல்லை. ஈயச்சட்டி, கும்பா, விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு எல்லாமே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"இங்கேரும், நம்ம வீட்டு ஏனம் பூராவும் ஜரினா வீட்டுலதான் குடித்தனம் நடத்துது. இனி நீரு துண்டை விரிச்சுத்தான் சோறு திங்கணும்."

பிச்சம்மாளின் புருஷன் மூக்காண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மார்க்கெட்டில் மூடை சுமந்து காய்த்துப்போன தோளைத் தடவிக்கொண்டே வேலியைப் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் என்று ஒரு சொட்டு விடாமல் அங்கே திருப்பிவிட்டு, மழை பொய்த்த அந்த வருஷத்திலும் கத்தரியையும் அவரையையும் கீரையையும் உயிரோடு வைத்திருந்தான். ஊரில் நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் நின்றுபோயிருந்தன. ஜரினாவின் புருஷன் முகம்மது ஹுசைன் தறி நின்றதும் பம்பாய்ப் பக்கம் பிழைக்கப் போனவர். ஒரு தகவலும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு அவள் தனியே கிடந்து அல்லாடினாள்.

காய் வந்த ஏனத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. முதலில் ஜரினா ஒரு துண்டு கருப்பட்டி வைத்து அனுப்பினாள். பிறகு ஒரு பிடி அரிசிமாவு. பிறகு நாலு மிளகாய் வத்தல். ஒருநாள் சட்டிக்குள் கொஞ்சம் உப்புக்கல் மட்டும் கிடந்தது. அதோடு ஏனம் வருவது நின்றுபோனது. வைத்துத் தர அவளிடம் ஒன்றுமில்லை என்பது மூக்காண்டிக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் நேற்று அந்தப் பிசகைச் செய்தான். ஏனம் இருந்தால்தானே திருப்ப வேண்டும் என்று, ஒரு கட்டுக் கீரையை அவள் வாசல்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது கீரை அங்கேயே கிடந்தது. தெரு ஆடு பாதியைத் தின்றிருந்தது.

ஜரினா வேலியோரம் நின்றிருந்தாள். "அண்ணாச்சி, வாசல்ல போட்டுட்டுப் போறதுக்கு நாங்க என்ன ஆடா, மாடா?" என்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒங்க ஏனத்தையெல்லாம் வெளக்கித்தான் வச்சிருக்கேன். வெரசா தந்துருதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதைப் பிச்சம்மாளிடம் அவன் இப்போதுதான் சொன்னான். அவள் மடியிலிருந்த காயைத் தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"கூறுகெட்ட மனுசன்! பிள்ளைக மொகத்துல உசுரே இல்லையே. இனி எதைக் குடுத்தாலும் வாங்க மாட்டாளே."

"நாம அவகிட்ட எதையாவது கேட்டு வாங்கணும், ஏளா. அப்பத்தான் அவ வாங்குவா."

"கேக்கதுக்கு அங்கன என்ன இருக்கு?"

அரிசி கேட்க முடியாது. எண்ணெய், புளி எதுவும் கேட்க முடியாது. எந்த வீட்டிலும் இருக்கக்கூடியது, கொடுத்தாலும் குறையாதது எது என்று யோசித்தவன், ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான். தீப்பெட்டியை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டான்.

"தங்கச்சி! நம்ம வீட்டுல தீப்பெட்டி தீந்துபோச்சு. ஒங்க அடுப்புல ஒரு கங்கு இருந்தா எடுத்துத் தா தாயி."

ஜரினா அவனையே பார்த்தாள். பிறகு அவசரமாகச் சிரட்டையைக் கைநீட்டி வாங்கினாள்.

"இருக்கும் அண்ணாச்சி. நில்லுங்க."

புறவாசல் திறந்தே இருந்ததால் அடுப்பு தெரிந்தது. பக்கத்தில் வெறுந்தரையில் சுருண்டு கிடந்த மூத்த பிள்ளை தலையைத் தூக்கியது.

"உம்மா, நேத்து அடுப்பே பத்தவைக்கலையே."

"சும்மா கிட மக்கா. அடியில கெடக்கும்."

குச்சியால் கிளறினாள். சாம்பலுக்கடியிலும் சாம்பல்தான் வந்தது. மண்டிபோட்டுக் குனிந்து ஊதினாள். மூக்காண்டியின் கை மடிக்குப் போய்த் தீப்பெட்டியைத் தொட்டது. எடுத்தால் கேட்டது பொய் என்று ஆகிவிடும். கை அங்கேயே நின்றது. சாம்பல் எழும்பி அவள் முக்காட்டிலும் இமையிலும் படிந்தது.

"இருக்கு அண்ணாச்சி, போயிராதீங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவள், மூச்சை இழுத்து மறுபடியும் ஊதினாள்.