அரைத்த கல்

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். சென்னம்மாள் பிரசவ வலியில் இரண்டு நாளாய்த் துடித்தாள். மருத்துவச்சியான நான் அவள் புருஷன் கருப்பண்ணனிடம் கண்வலிக் கிழங்கைக் கொடுத்தேன்.

"வயித்து மேல பூசத்தான் இது மருந்து. வாய்க்குள்ள போனா விஷம். ஓடைக்கல்லுல அரைச்சுக் குடு. அரைச்ச கல்லை வீசிப்போடு."

பூசினேன், பிள்ளை பிறந்தது. உடனே அவள் வயிற்றைக் கழுவிவிட்டேன்.

மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாய் அவள் செத்தாள்.

"எதுலடா அரைச்சே?"

"அம்மியிலீங்க. நல்லாத் துடைச்சிட்டேனுங்க."

பிள்ளை பெற்ற பின் அவள் தின்ன வேண்டிய பிரசவ மருந்தையும் அதே அம்மியில்தான் அரைத்துக் கொடுத்திருக்கிறான்.

"வீசச் சொன்னேனேடா, பாவி!"

"பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து அவளுக்காகத் தலையில சுமந்துட்டு வந்த அம்மிங்க. மனசு வரலீங்க."

மறுபடியும் அவனையே சுமக்க வைத்தேன். நரி தோண்டாமலிருக்க, அவள் குழிமேல் அதைத்தான் வைத்தோம்.