தங்கதுரை கொல்லையில் கிடைத்த தாழி

தொல்லியல் துறை அதிகாரி பூங்கோதை குழிக்குள் இறங்கி, முதுமக்கள் தாழியின் விளிம்பை நகத்தால் சுரண்டியதுமே தங்கதுரைக்குச் சுருக்கென்றது. சுரண்டிய இடத்திலிருந்து வெள்ளையாக மாவு உதிர்ந்தது.

“இது என்னங்க?”

“பழசுங்க மேடம். உதிரத்தான் செய்யும்.”

“பழைய தாழியில பிளாஸ்டர் எப்படிங்க வந்துச்சு?”

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் அச்சு வார்ப்பது தங்கதுரையின் வேலை. பிளாஸ்டர் கரைத்து ஒட்டினால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது என்று முதலாளியே சொல்வார். பெயர்த்து எடுக்கும்போது உடைந்த தாழி வாயை அப்படித்தான் ஒட்டி, மேலே காவி பூசி, ஆறப்போட்டுப் புதைத்திருந்தான். தொல்லியல் ஆய்வு என்று மதுரை வரை போய் வந்த பொம்பளையிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

பூங்கோதை தாழிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினார். “சுத்தி கரிசல் மண்ணு. உள்ள மட்டும் செம்மண்ணு. எங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்க?”

இனி மறைத்து என்ன பயன்? “மேட்டுலேருந்துதாங்க,” என்றான். ஊருக்குக் கிழக்கே முந்திரித் தோப்புக்கு நடுவில், வட்டமாகக் கல் நட்ட செம்மண் மேடு ஒன்று இருக்கிறது. அங்கேயிருந்துதான்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அளந்தவர்கள் அவன் வீட்டையும் அதை ஒட்டிய கொல்லையையும் சேர்த்துத்தான் அளந்திருந்தார்கள். தாழி எவன் கொல்லையில் கிடைக்கிறதோ அவன் இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள் என்று கம்மாபுரம் டீக்கடையில் எவனோ அடித்துவிட்டதை இவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். டீக்கடையில் பேசுகிறவனுக்கு என்ன, குடித்த டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

“உள்ள எலும்பு இருந்துச்சா?” என்று பூங்கோதை கேட்டார். குரல் மாறியிருந்தது.

வரப்பில் நின்ற தங்கதுரையின் மனைவி துர்கா பதில் சொன்னாள். “இருந்துச்சுங்க. மணிமுத்தாத்துல வுட்டாச்சு. யாரோ எவரோ செத்தவங்க எலும்ப வாசல்ல வெச்சிக்கிட்டு நான் எப்படிங்க அடுப்பு பத்த வெக்கிறது? ஐயர வெச்சு மொறையாத்தான் கரைச்சோம்.”

எங்கெங்கோ செத்தவர்களின் எலும்பையெல்லாம், அந்த ஆற்றில் கரைத்தால் புண்ணியம் என்று விருத்தாசலத்துக்குத்தான் கொண்டு வருகிறார்கள். இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவதா என்பது அவள் நியாயம். செத்தவர் பெயர் என்னவென்று ஐயர் கேட்டபோது, தங்கதுரை தன் பாட்டன் பெயரைச் சொல்லிவைத்தான்.

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்த எலும்புதாங்க எல்லாத்தையும் சொல்லியிருக்கும். அத ஆத்துல கரைச்சிட்டு, வெறும் பானைய ஒட்டவெச்சு என்கிட்ட காட்டுறீங்களா? படிச்சுப் படிச்சுச் சொல்றோம், எதையும் அசைக்காதீங்கன்னு.”

“யாருகிட்டங்க சொன்னீங்க?” தங்கதுரைக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ சோறு வடிச்சிட்டு இருக்கறா. அளக்க வந்தவங்க கேக்காம கொள்ளாம உள்ள வந்து அடுப்படிச் செவுத்துல செவப்புப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போனாங்க. அன்னைக்கு எங்கங்க போயிருந்தீங்க? செத்தவனுக்குக் காருல வர்றீங்க. உசுரோட இருக்கறவன் வூட்டுக்கு யாருங்க வர்றா?”

பூங்கோதை குழியை விட்டு ஏறி, கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“அந்த மேட்ட நீங்க தொடாம இருந்திருந்தா, அதச் சுத்தி எதுவும் தோண்டக் கூடாதுன்னு நான் எழுதியிருப்பேன். சுத்தின்னா உங்க வூடு மட்டுமில்ல. உங்க தெரு மொத்தமும்.”

டீக்கடையில் கதை விட்டவனைத் தங்கதுரை மனசுக்குள் கண்டபடி திட்டினான். அதைவிட மோசமாகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

“நான் ஒண்ணுதாங்க எடுத்தேன். இன்னும் நாலஞ்சு தாழி வாய் வெளிய தெரியுதுங்க மேட்டுல.”

“நெஜமாவா? கல்லு வட்டம் கலையலையே?”

“ஒரு ஓரந்தாங்க நோண்டினேன்.”

“அப்ப இன்னும் கெட்டுப்போகல. வாங்க, உடனே பாக்கணும்.”

காருக்கு வழியில்லை என்று அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, முந்திரித் தோப்புக்குள் குறுக்கே விட்டான். தெரு பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. சரசரவென்று சருகு மிதிபட வண்டி பறந்தது.

மேட்டில் திருவிழாக் கூட்டம். காலையில் தங்கதுரை கொல்லைக்கு அதிகாரி வந்து இறங்கியதைத் தெருவே பார்த்திருந்தது. அது போதாதா? ஆளுக்கொரு கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார்கள். நட்ட கற்களைப் பிடுங்கி ஓரமாக உருட்டியிருந்தார்கள். உரச் சாக்கை விரித்து அதன்மேல் எலும்பைக் குவித்து வைத்திருந்தார்கள். நடுக்குழியில் துர்காவின் தம்பி கருப்பன் இடுப்பளவு மண்ணில் நின்று ஒரு தாழியைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

பூங்கோதை வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

தங்கதுரை ஓடிப்போய்க் கருப்பனின் சட்டையைப் பிடித்தான். “அறிவிருக்குதாடா ஒனக்கு? இது அப்படியே இருந்தாத்தான்டா தெரு நிக்கும். எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டீங்களேடா.”

கருப்பன் கையைத் தட்டிவிட்டான். “நீ எடுத்தப்ப நாங்க யாராவது கேட்டமா? ஒன் வூடு மட்டும் நின்னா போதுமா மாமா?”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பது?

கருப்பன் அதற்குள் குனிந்து தாழிக்கு அடியில் கை கொடுத்திருந்தான்.

“நின்னுக்கினு இருக்காத. அந்தப் பக்கம் ஒரு கை புடி மாமா. ஒன்னுது மாரி வாய் ஒடஞ்சிடப்போவுது.”